போர்வைகள் எங்கே போயின?

வணக்கம்.

அலுவலக நண்பர்கள் சிலர் சேர்ந்து, சாலையோரம் படுத்துறங்குகிறவர்களுக்காகப் பணம் திரட்டியிருக்கிறோம். சென்றமுறை தடித்த கம்பளிப் போர்வைகள் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து அதே இடத்துக்குப் போனால் பாதிப் பேரிடம் போர்வை இல்லை. சிலர் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே ‘எங்க போச்சுன்னே தெரியல’ என்றார். எங்களில் பலருக்கு அதோடு மனம் விட்டுப்போயிற்று.

இப்போது எங்களுக்குள் இரண்டு கட்சி. குறைவான பேருக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை, மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் உயர்தர ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிடலாம் என்கிறது ஒன்று. பொருள் கொடுப்பதே தவறு, தெருவாழ்க்கையைச் சௌகரியமாக்கி அவர்களை அங்கேயே இருத்திவைக்கிறோம் என்கிறது மற்றொன்று. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கொடுப்பதென்றால் எதைக் கொடுக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் போர்வைகளைப் பற்றிப் பேசிவிடுவோம். வீடு உள்ளவர்கள் ஒரு போர்வைக்கு இரண்டு வேலைதான் இருப்பதாக நினைக்கிறோம். இரவில் விரிப்பது, காலையில் மடிப்பது. மடித்தபின் அது எங்கே இருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை. தெருவில் படுப்பவருக்குச் சிக்கல் விடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடை திறப்பதற்குள் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். போர்வையைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டுப் போக முடியாது, மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாது. எங்காவது செருகிவைத்துவிட்டுப் போனால் குப்பை என்று யாராவது அள்ளிக்கொண்டு போவார்கள். கழிப்பறைக்குப் போய்வருவதற்குள் காணாமல் போகும். ஒரு மழையில் நனைந்தால் கம்பளி மிகவும் கனக்கும், காயவைக்கக் கொடி கிடையாது, இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நாறும். பிறகு விட்டுவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. விற்றவர்களும் இருப்பார்கள், இருக்கட்டும். அன்றைக்கு ஒருவருக்குப் போர்வையைவிட மாத்திரை முக்கியமாக இருந்தால் அவர் போர்வையை மாத்திரையாக மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். கொடுத்த பிறகு அது அவருடைய பொருள்.

ஆகவே சென்றமுறை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். சில இரவுகளுக்கு அந்தப் போர்வைகள் வேலை செய்திருக்கின்றன. தெருவில் எந்தப் பொருளின் ஆயுளும் அவ்வளவுதான். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். எளிதில் தூக்கிச்செல்லக்கூடியது, நனைந்தாலும் சீக்கிரம் காய்வது, தொலைந்தால் நீங்கள் மறுபடி கொடுக்கக்கூடிய விலையில் இருப்பது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

உயர்தர ஸ்லீப்பிங் பேக்கை நான் வேண்டாமென்பது அதனால்தான். பார்த்தாலே விலை தெரிகிற பொருள் தெருவில் ஆபத்து. அதற்காக அடி வாங்க நேரலாம். இறகு நிரப்பியது என்றால் நனைந்ததும் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றைப் பிடித்துவைக்கும் சக்தியை இழந்துவிடும். துவைப்பதும் உலர்த்துவதும் வீட்டிலேயே பெரிய வேலை. இன்னொன்றும் உண்டு. உள்ளே புகுந்து கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டவர் யாராவது தாக்க வந்தால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. பெண்களிடம் கேட்டுப்பாருங்கள், பலர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். செயற்கை இழை நிரப்பிய, முழுதாகத் திறந்து போர்த்திக்கொள்ளக்கூடிய சாதாரண வகை போதும். அல்லது மெல்லிய ஃப்ளீஸ் போர்வைகள் இரண்டு. ஒன்று தொலைந்தாலும் ஒன்று மிஞ்சும்.

ஆனால் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். உடம்பின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது போர்வையின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடுவதால் அதில் காற்று தங்காது, காற்று இல்லாவிட்டால் காப்பும் இல்லை. அதனால்தான் எத்தனை போர்வை போர்த்தினாலும் வெறுந்தரையில் முதுகு சில்லிடுகிறது. இதற்கு ஃபோம் பாய் நல்லது. நீரை உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள். சுருட்டித் தோளில் மாட்டலாம், உதறினால் ஈரம் போய்விடும், யோகா செய்பவர்கள் கழித்துப்போட்டது கிடைத்தால்கூடச் சரி. காற்றடிக்கும் மெத்தை வேண்டாம். ஒரு கண்ணாடிச் சில்லு போதும் அதை முடித்துவைக்க. அட்டைப்பெட்டியின் அருமை தெருவில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. உலர்ந்திருக்கும்வரை அது மிக நல்ல காப்பு, நனைந்தால் கூழ். எனவே அட்டைக்குக் கீழே போட ஒரு சிறு தார்ப்பாய் கொடுத்தாலே அட்டையின் ஆயுள் கூடும். கட்டிக்கொள்ள நாலு முழம் நைலான் கயிறும் சேர்த்துக் கொடுங்கள்.

உதவிப் பைகளில் தவறாமல் காணப்படும் பளபள வெள்ளித்தாள் போர்வையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1964ல் நாசாவின் விண்வெளித் திட்டத்துக்காக உருவான பொருள் அது. மெல்லிய பிளாஸ்டிக்கில் அலுமினியம் பூசியது. உடலிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பத்தைப் பெருமளவு திருப்பி அனுப்பும், காற்றைத் தடுக்கும். விபத்தில் சிக்கியவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை போர்த்த மிக நல்லது. ஆனால் தரை உறிஞ்சும் சூட்டை அதனால் தடுக்க முடியாது. உள்ளே வியர்வை துளிகோர்த்து ஆடை நனையும். புரண்டால் சரசரக்கும், எளிதில் கிழியும். மழை இரவில் அவசரத்துக்கு உதவும் என்பதால் கொடுக்கலாம், விலையும் குறைவு. அதையே முக்கியப் பொருளாக நினைத்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

குளிர் என்றால் உறைபனி இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அது உயிராபத்தான நிலை. ஈரமும் காற்றும் சேர்ந்தால் உறைநிலைக்கு வெகுமேலேயே அது நடக்கும், ஏனென்றால் காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, குழப்பமாகத் தெரிந்தால் குடித்திருக்கிறார் என்று கடந்துபோய்விடாதீர்கள். ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நேரம் அது. குடித்துமிருக்கலாம். அப்போது ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்துச் சூட்டை வெளியே விடுகிறது.

இனி கால்கள். உங்களிடம் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் சாக்ஸ் வாங்குங்கள். 1985ல் பாஸ்டன் நகரில் வீடற்றவர்களுக்கான மருத்துவத் திட்டமொன்றில் சேர்ந்த ஜிம் ஓகானல் என்ற இளம் மருத்துவரை, பைன் ஸ்ட்ரீட் இன் என்ற விடுதியின் செவிலியர்கள் ஸ்டெதஸ்கோப்பை ஓரம் வைக்கச் சொன்னார்கள். வருகிறவர்களின் பாதங்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. நாளெல்லாம் நடந்து, நின்று, செருப்பையோ ஷூவையோ திருட்டுக்குப் பயந்து இரவிலும் கழற்றாமல் தூங்குகிறவர்களின் பாதம் எப்படி இருக்குமென்று அந்தச் செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்களை முடக்கிய பாதநோய் இன்றும் நகரத் தெருக்களில் இருக்கிறது. அதற்குக் கடுங்குளிர்கூடத் தேவையில்லை. பாதம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஈரமாகவே இருந்தால் போதும். தோல் வெளுத்து ஊறி, மரத்து, பிறகு புண்ணாகிச் சீழ்பிடிக்கும். அன்று ராணுவம் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. பாதத்தைத் துடைத்து உலர்த்து, காய்ந்த சாக்ஸுக்கு மாறு, தினமும் ஒருவர் பாதத்தை இன்னொருவர் சோதித்துப் பார்.

பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பளி கலந்தது அல்லது தடித்த செயற்கை இழை நல்லது. ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்துப் பயனில்லை, மாற்றுவதற்கு இன்னொன்று வேண்டும். மூன்று ஜோடியை ஒரு ஜிப் உறையில் போட்டுக் கொடுத்தால் அந்த உறையே காய்ந்ததை ஈரம்படாமல் காக்கும். நகவெட்டியும் பூஞ்சைக்கான பாத பவுடரும் கூட வைக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர் காலில் புண்ணைக் கண்டால் சாக்ஸோடு நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போக யாராவது ஒருவர் முன்வர வேண்டும்.

வெயில் காலத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. அகலத் தொப்பி, வாய் அகன்ற மூடியுள்ள தண்ணீர்ப் போத்தல், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற கணக்கை எழுதிக் கொடுக்கலாம். போத்தலை எங்கே நிரப்பலாம் என்ற தகவல் போத்தலைவிட மதிப்புள்ளது.

எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாதது அடுப்பு. கரியோ, எரிவாயுவோ, மெழுகுவர்த்தியைக் கவிழ்த்த பானைக்குள் வைக்கும் வித்தையோ எதுவானாலும். கூடாரத்துக்குள்ளும் மூடிய தார்ப்பாய்க்கு அடியிலும் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்ஸைடை விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுவதில்லை.

இந்தப் பைகளில் நம்மவர்கள் அடைக்கும் குட்டி ஷாம்பூ போத்தல்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். குளிக்க இடம் இல்லாதவருக்கு ஷாம்பூ! அந்த இடத்தில் தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு டார்ச் வைக்கலாம், ஒரு சிறு பூட்டு வைக்கலாம், படிக்கும் கண்ணாடி வைக்கலாம். கண்ணாடி உடைந்ததால் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முடியாமல் திரும்புகிறவர்கள் உண்டு. பெண்களுக்கு சானிட்டரி நாப்கினும், அதைச் சுற்றி எறிய நிறமுள்ள உறைகளும். கழுத்தில் தொங்கவிட்டுச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும் நீர்புகாத உறை ஒன்று. அடையாள அட்டை தொலைந்தால் உதவித்தொகை, வேலை, விடுதி எல்லாமே தள்ளிப்போகும். அதைத் திரும்ப வாங்க இன்னொரு அட்டை கேட்பார்கள். எனவே இந்த உறை நீங்கள் கொடுப்பதிலேயே மிக மலிவானதாகவும் மிக நெடுநாள் உதவுவதாகவும் இருக்கக்கூடும். பவர் பேங்க் சிறியதாக, பழசுபோல் தெரிவதாக இருந்தால் நல்லது.

நிறத்தைப் பற்றி எனக்கே தீர்மானமில்லை. அடர்நிறம் அணிந்தவர் வம்புக்காரர்களின் கண்ணில் படமாட்டார், ஆனால் வாகன ஓட்டியின் கண்ணிலும் படமாட்டார். ஒளியைத் திருப்பும் பட்டையைப் பையின் உட்பக்கம் தைத்து, வேண்டும்போது மட்டும் வெளியே திருப்பிக்கொள்ளச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இதையெல்லாம் உங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்காமல் அவர்களிடமே கேளுங்கள். ‘என்ன வேணும்?’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். ‘கடைசியா எது தொலைஞ்சுது?’ என்று கேட்டால் சொல்வார்கள்.

பொருள் கொடுப்பதே தவறு என்கிற உங்கள் நண்பருக்கு வருகிறேன். வீட்டைக் கொடுப்பதுதான் தீர்வு என்று அவர் சொல்லியிருந்தால் முழுக்க உடன்படுவேன். முதலில் வீடு, மற்ற சிகிச்சையெல்லாம் அதன்பிறகு என்ற முறையை நியூயார்க்கில் 1992ல் சாம் செம்பெரிஸ் தொடங்கினார். ஃபின்லாந்து 2008லிருந்து அதை ஒட்டிய கொள்கையை நாடளவில் நடத்தி, நீண்டகாலமாக வீடின்றி இருந்தவர்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. ஆனால் சாக்ஸ் கிடைத்ததால் ஒருவர் தெருவிலேயே தங்கிவிட்டார் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. டெட்ராய்ட் நகரில் வெரோனிகா ஸ்காட் என்ற மாணவி ஸ்லீப்பிங் பேக்காக மாறும் ஒரு கோட்டை வடிவமைத்தபோது, எங்களுக்குக் கோட்டு வேண்டாம், வேலை வேண்டும் என்று ஒரு பெண் அவரிடம் கோபப்பட்டார். ஸ்காட் அந்தக் கோட்டைக் கைவிடவில்லை. தங்கும் விடுதிகளில் இருந்தவர்களையே அதைத் தைக்கும் வேலையில் அமர்த்தினார். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

பணமாகவே கொடுத்தால் என்ன என்றும் உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். வான்கூவரில் 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலர் நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023ல் வெளியானது. பணம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் குறைந்த நாட்களே வீடின்றிக் கழித்தார்கள், மது, போதைப்பொருள், புகையிலைச் செலவு கூடவில்லை. கடும் போதைப் பழக்கமோ கடும் மனநலச் சிக்கலோ இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு அது ஒரு வாழ்க்கையைத் திருப்பும் அளவுக்கான தொகை. உங்களிடம் அவ்வளவு இல்லையென்றால் பொருளே மேல், மொத்தமாக வாங்கும்போது அவர்களுக்குக் கிடைக்காத விலை உங்களுக்குக் கிடைக்கும்.

கடைசியாக, திரட்டிய பணத்தை ஒரே நாளில் தீர்த்துவிடாதீர்கள். பாதியை இப்போது செலவிடுங்கள். ஃபோம் பாய், சாக்ஸ், சிறு தார்ப்பாய், நீர்புகாத உறை. மூன்று வாரத்தில் அதே ஆட்கள், அதே இடத்துக்குப் போங்கள். யாரிடம் எது இல்லை என்று பாருங்கள், ஏன் என்று விசாரணை நடத்தாமல் அதை மட்டும் மறுபடி கொடுங்கள். ஷூ கேட்பவர்களின் கால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், தடித்த சாக்ஸோடு போட வேண்டுமென்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். பொருள் கொடுப்பது தவறு என்ற நண்பரையும் அந்த இரண்டாவது முறை அழைத்துப் போங்கள். வீட்டுவசதி அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, எந்தப் படிவம் என்று விசாரித்துவைக்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடலாம், அவருக்கு அதில்தான் அக்கறை போலிருக்கிறது.