கமாண்டோ ஆக நேர்வழி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 18. ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பாரா கமாண்டோ, அதாவது பாராசூட்டில் குதிக்கும் ராணுவச் சிறப்புப் படை வீரன், ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. தினமும் 20 கிலோ மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கனால் கரையில் ஓடுகிறேன். ஒரு மாதமாக முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர், 80,000 ரூபாய் கட்டினால் நேராகக் கமாண்டோ தேர்வுக்கே அனுப்பிவைப்பதாகச் சொல்கிறார். கட்டலாமா? எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: தம்பி, அந்த 80,000 ரூபாய் உன் வீட்டிலேயே இருக்கட்டும். பாரா கமாண்டோவுக்கு வெளியிலிருந்து நுழைய வாசலே கிடையாது. அந்த வாசல் பட்டாளத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. முதலில் நீ சிப்பாய் ஆக வேண்டும். அதற்கு ராணுவம் கேட்பது இணையத் தேர்வுக்கான சில நூறு ரூபாய் மட்டும்தான். அதற்கு மேல் யார் கேட்டாலும் அது ஏமாற்று. நான் 22 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், பாதிக் காலம் ரங்ரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பி.டி. உஸ்தாத் (உடற்பயிற்சி ஆசான்). பணம் கொடுத்து உள்ளே வந்த ஒரு பையனையும் நான் பார்த்ததில்லை. கொடுத்து இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலில் உயிரைக் கொடுத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கோழிக்கோட்டில் பிறந்தவர். அவரும் கமாண்டோவாகத் தொடங்கவில்லை. என்.டி.ஏ. என்ற முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் படித்து, 1999-இல் பிகார் ரெஜிமென்ட்டின் 7-வது பட்டாலியனில் அதிகாரியாகச் சேர்ந்தார். பயங்கரவாத எதிர்ப்புக் கமாண்டோ படையான என்.எஸ்.ஜி.க்குப் போனது அதற்கு அப்புறம்தான். கடற்படையின் கமாண்டோ பிரிவான மார்கோஸுக்குப் போகிறவர்களும் முதலில் கடற்படையில் சேர்ந்து, பிறகு விருப்பம் கொடுத்துப் போகிறவர்கள்தான்.

உன் வழி அக்னிவீர், இப்போது ராணுவத்தில் சிப்பாயாகச் சேரும் திட்டம். முதலில் இணையத் தேர்வு, அதில் தேறினால் ஓட்டம், பிறகு மருத்துவப் பரிசோதனை. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண், 10 புல்-அப் எடுத்தால் 40. என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் போனஸ் மதிப்பெண் உண்டு. இது நாலு வருஷ வேலை, அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். இதையும் வீட்டில் சொல்லிவிட்டுச் சேர். எந்த ரெஜிமென்ட் கிடைக்கும் என்பது உன் கையில் இல்லை. பாராசூட் ரெஜிமென்ட் கிடைத்தால் பயிற்சி பெங்களூரில். வேறு ரெஜிமென்ட்டுக்குப் போனாலும், சிப்பாயாகத் தேறிய பிறகு பாராவுக்கு விருப்பம் கொடுக்கலாம்.

அதற்கு அப்புறம்தான் நீ கேட்ட விஷயமே தொடங்குகிறது. அதை ப்ரொபேஷன் என்பார்கள். மாதக்கணக்கில் ஓடும். தூக்கம் குறைவு, சாப்பாடு குறைவு, முதுகில் கனம், ராத்திரியில் வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு பலம் மட்டும் இருந்து தேறியவர்கள் குறைவு. இரண்டு நாள் தூங்காமல் இருக்கும்போது கணக்குப் போடச் சொல்வார்கள், பார்த்ததை நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். சோர்ந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் மேல் எரிந்து விழுகிறாயா, அவன் பையையும் சேர்த்துத் தூக்குகிறாயா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய யூனிட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. தேறியவர்களுக்கும் படிப்பு முடிவதில்லை. ஆக்ராவில் பாராசூட் பயிற்சி, அங்கே ஐந்து முறை குதிக்க வேண்டும், அதில் ஒன்று இரவில். மிசோரமில் வைரெங்டேயில் காட்டுப் போர், குல்மர்க்கில் பனி மலை. நீருக்கடியில் வேலை செய்யும் பிரிவுக்குப் போனால் நம் கொச்சிக்கே வருவாய், கடற்படையின் டைவிங் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

சரி, இப்போது உன் கால். எனக்கு இதுதான் பெரிய கவலை. 18 வயதில் 20 கிலோ சுமையோடு கட்டாந்தரையில் தினமும் ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். ரங்ரூட் பயிற்சியில் பையன்கள் பாதியில் நின்றுபோக இது ஒரு முக்கியமான காரணம். வலிக்கிற இடத்தை ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்கிறதா? ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே எலும்பு டாக்டரிடம் போ. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம், அதனால் ‘ஒன்றும் இல்லை’ என்ற ஒரு படத்தை நம்பி மறுபடி ஓடாதே. விரிசல் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது.

அந்த வாரங்கள் வீணாகாது. நீந்தக் கற்றுக்கொள். நம் பக்கத்துப் பையன்கள் கிணற்றில் குதிப்பார்கள், ஆனால் மூச்சை ஒழுங்காக விட்டு அரை மணி நேரம் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. மூலத்தறை அணைப்பக்கம் போகாதே, தண்ணீரின் இழுப்பு மேலே தெரியாது. கோயில் குளம் போதும், கரையில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

கால் சரியானதும் வாரத்தில் நாலு நாள் ஓடினால் போதும். மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஒரு நாள் மட்டும் வேகம். 5:30 வேண்டுமென்றால் 400 மீட்டர் சுற்றை 82 விநாடிக்குள் நாலு முறை விடாமல் ஓட வேண்டும். அதனால் முதலில் ஒரு சுற்று ஓடி, நன்றாக இளைப்பாறி, அடுத்த சுற்று. வாரங்கள் போகப் போக இளைப்பாறும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வா. புல்-அப் வரவில்லை என்றால் கம்பியில் எகிறிப் பிடித்து மெதுவாக இறங்கு, இறக்கத்தில்தான் பலம் ஏறும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் தெரியும்தானே, சூரியன் வருமுன் முடித்துவிடு. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து கிட்னியைத் தாக்கும் அறிகுறி அது.

எல்லைக்காரர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர்தானே என்று அங்கே பதிவு செய்யாதே. பாலக்காடு மாவட்டத்துக்காரன் நீ, உனக்குக் கோழிக்கோடு ஆள்சேர்ப்பு அலுவலகம்தான். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், மலையாளத்துக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் உன் பெயரைப் பார். நமக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பில் இந்த வித்தியாசத்தால் நல்ல ஓட்டக்காரர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அரசின் இ-சேவை மையமான அக்ஷயா மையத்தில் இப்போதே திருத்திக்கொள், நேட்டிவிட்டி சான்றிதழுக்கும் அங்கேயே விண்ணப்பி.

உயரம் 166 சென்டிமீட்டர் இருக்கிறதா, பாதம் தட்டையா, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடு. இந்த வாரமே சிற்றூர் தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டு. போவதற்கு முன் அந்த மூட்டையில் இருக்கும் மணலைக் கொட்டிவிடு.