பரீட்சை தொலைவில் இருக்கும்போது படிக்க மனம் வருவதில்லை, என்ன செய்வது?

கொழும்பில் வேலை செய்துகொண்டே கணக்கீட்டுப் பரீட்சைக்குப் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி இரண்டு வாரங்களில் வரும் வேகம் மற்ற நாட்களில் வருவதில்லை என்பது உங்கள் கவலை.

அந்த வேகம் பயத்தால் வருவது. பயமில்லாத நாளில் அதற்காகக் காத்திருக்காதீர்கள். தொடங்கும் நேரத்தையும் இடத்தையும் முன்னரே முடிவு செய்துவிடுங்கள். நானும் வேலையோடுதான் படித்தேன். புறக்கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வெள்ளவத்தை வந்து சேரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால் காலையிலேயே கொப்பியை விரித்து, அன்றைய கணக்கின் முதல் வரியை எழுதி, பேனையை அதன் மேல் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் முகம் கழுவி, தேநீரோடு அந்த மேசைக்கு வந்தால், இரண்டாவது வரியை எழுதினால் போதும். பெரும்பாலும் நான்கைந்து கணக்குகள் ஓடிவிடும். ஒன்றோடு நின்ற நாட்களும் உண்டு. அவற்றையும் படித்த நாட்களாகவே எண்ணினேன்.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் அச்சில் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே மூன்று வாரத்தில் கைகூடவில்லையே என்று நொந்துகொள்ளாதீர்கள். போயா தினத்தில் விருந்தினர் வந்து படிப்பு தவறினால், மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க முயலவும் வேண்டாம். வழக்கமான நேரத்தில் ஒரு கணக்கைச் செய்யுங்கள்.