மெயில் அனுப்ப யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. லட்சக்கணக்கில் அனுப்பினால் மட்டும் எப்படிக் குற்றமாகும்?

இங்கிலாந்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முதல் சுற்றில் குற்றமில்லை என்றே தீர்ப்பும் வந்தது.

மூன்று மாதம் வேலை பார்த்த 16 வயதுப் பையன் ஒருவனை 2003 டிசம்பரில் ஒரு நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. 2004 ஜனவரி கடைசியில் அவன் 'அவலாஞ்ச்' என்ற மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி, நிறுத்தும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும்படி ஓடவிட்டான். சுமார் 50 லட்சம் மெயில்கள் அந்த நிறுவனத்துக்குப் போயின. பெரும்பாலானவற்றில் அனுப்புநராக இருந்தது அங்கிருந்த மனிதவள மேலாளரின் பெயர்.

1990ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம், பிரிவு 3இன் கீழ் வழக்கு. அனுமதியில்லாமல் கணினியில் இருப்பதை மாற்றுவது அந்தப் பிரிவில் குற்றம். மெயில் வந்து சேர்ந்தாலே அதை வாங்கி வைக்கும் கணினியான சர்வரில் தரவு கூடுகிறது, அதனால் மாற்றம் நடந்தது உறுதி. அனுமதி இருந்ததா என்பதில்தான் சண்டை. மெயில் வாங்கத்தானே சர்வர் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மெயிலுக்கும் அவர்கள் சம்மதம் உண்டு என்று சொல்லி 2005 நவம்பரில் கீழ் நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதனால் இந்த வாதத்தின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் '250' என்று, அதாவது 'சரி' என்று பொருள்படும் எண்ணைப் பதிலாகச் சொல்லித்தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் சர்வருக்கு எதற்கும் சம்மதிக்கும் உரிமை கிடையாது. சட்டம் தேடுவது அதை வைத்திருப்பவரின் சம்மதத்தை.

2006 மே மாதம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. வீட்டு வாசல் வரை யாரும் வரலாம் என்பதில் திருடன் சேர்த்தியில்லை. கடிதம் போடத் துளை வைத்திருப்பவர், அதில் குப்பையைத் திணிக்கச் சம்மதித்ததாக ஆகாது என்றார் நீதிபதி. மெயில்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, மொத்தச் செயலாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். 50 லட்சம் மெயில் அனுப்பட்டுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த நிறுவனம் என்ன சொல்லியிருக்கும்? இந்தக் கேள்வி வந்ததும் எல்லாம் தெளிவாகிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் கோபத்தில் இருபது புகார் மெயில் அனுப்பினவரும் மாட்டிக்கொள்வாரா? இல்லை. செயலின் நோக்கம், தனக்கு அனுமதியில்லை என்று தெரிந்திருப்பது, இரண்டையும் அந்தப் பிரிவு கேட்டது. இன்னொருவர் பெயரில் அனுப்பியதே அவனுக்கு அது தெரிந்திருந்ததைக் காட்டுகிறது என்பது என் கருத்து. பிறகு அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். குறிப்பிட்ட நேரங்களில் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற இரண்டு மாத ஊரடங்குத் தண்டனையோடு முடிந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் பிரிவையே திருத்தி, கணினியின் இயக்கத்தைக் கெடுப்பதை நேரடியாகக் குற்றமாக்கி, அதிகபட்சத் தண்டனையை 10 ஆண்டாக உயர்த்தியது.

அடுத்தவர் தளம் எவ்வளவு சுமை தாங்கும் என்று லோடு டெஸ்ட் செய்து பார்க்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஐபி (அனுப்பும் கணினியின் இணைய முகவரி), எவ்வளவு டிராஃபிக் என்று குறித்து உரிமையாளரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்திடமும் தனியாகக் கேளுங்கள், சர்வர் பெரும்பாலும் அவர்களுடையது.