பழைய டீசல் மோட்டார்ஹோமில் ஆக்சிலரேட்டர் விட்டுவிட்டு வேலை செய்வது ஏன்?

பெடலை மிதித்தாலும் எஞ்சின் ஐடிலிலேயே, அதாவது பெடலைத் தொடாதபோது ஓடும் குறைந்த வேகத்திலேயே, நிற்கும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் சரியாகிவிடும். கம்மின்ஸ் ஐஎஸ்பி என்ற டீசல் எஞ்சினைப் பின்னால் வைத்த பழைய அமெரிக்க மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டிகளில்) இது அடிக்கடி வரும் தொல்லை.

பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார் வோல்டேஜாகத்தான் செய்தி அனுப்புகிறது. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு ஒரே இடத்தில் கரகரக்குமே, அதுபோல கால் அதிகம் நிற்கும் இடத்தில் சென்சாரும் தேயும். பெடல் மிதிபட்டிருக்கிறதா என்று மட்டும் சொல்லும் ஐடில் சுவிட்ச் பக்கத்தில் இருக்கிறது; அதோடு சென்சார் ஒத்துப்போகாவிட்டால், பாதுகாப்புக்காகக் கம்ப்யூட்டர் எஞ்சினை ஐடிலுக்கு இறக்கிவிடும்.

சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், சென்சாரின் சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வைத்து பெடலை மெதுவாக அழுத்துங்கள். வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சார் போய்விட்டது. சீராக ஏறினால் கனெக்டரை ஆட்டிப் பாருங்கள், அப்புறம் பச்சை பூத்த எர்த் வயர்களைச் சுரண்டி இறுக்குங்கள்.

பலர் டீசல் வரவில்லை என்று நினைத்து பம்ப்பையே மாற்றிவிடுகிறார்கள்; டீசல் போதாமல் போனால் மேட்டில் இழுவைதான் குறையும், பெடலை விட்டு மிதித்த உடனே அது திரும்பாது.