வரப்பு, வேலியோரச் செடிகளை மொத்தமாக அழித்தால் பயிரில் பூச்சி குறையுமா?

பள்ளிப்பட்டு, நகரி பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் மாற்றி மாற்றி வைப்பவர் கேட்டிருக்கிறீர்கள். குறையாது, நெல்லில் அதிகமாகவே ஆகும். அதற்காக எல்லாச் செடியையும் விட்டுவைக்கவும் கூடாது. எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்பது பயிரைப் பொறுத்தது.

நெல் அறுவடையானதும் சிலந்திகள் வரப்புப் புல்லில் ஒதுங்கும். அடுத்த நடவுக்கு அங்கிருந்துதான் வயலில் இறங்கும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையானின் முட்டைக்குள் முட்டையிடும் அனாக்ரஸ் என்ற நுண்குளவியும், வயல் காலியாகக் கிடக்கும்போது புல்லில் உள்ள வேறு தத்துப்பூச்சிகளின் முட்டைகளில்தான் பிழைக்கிறது. புல்லைப் பொசுக்கினாலும் புகையான் தொலைவிலிருந்து காற்றோடு வந்துவிடும். அதைத் தின்பவைதான் வராது.

எலி வளைக்குப் பயந்து புல்லை அறுப்பதாக இருந்தால் வரப்பின் ஒரு சரிவை மட்டும் அறுங்கள், மறு சரிவைப் 15 நாள் கழித்து. அடியோடு செதுக்காமல் நாலு விரல் உயரம் விடுங்கள். வரப்பில் காராமணி ஊன்றலாம். அதில் வரும் கருப்பு அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி நெல்லைத் தொடாது, பொறிவண்டு அதைத் தின்று பெருகும்.

நட்ட 40 நாள் வரை சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளைக் கையில் எடுக்காதீர்கள். சிலந்தி செத்த வயலில் புகையான் பொங்கும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு கிளைக்கு, 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லாவிட்டால் 1தான் எல்லை.

கடலைக்கு இந்தக் காராமணி ஆகாது, அதே அசுவினி கடலையிலும் ஏறும். பதிலாகக் கடலை விதைக்கும் அன்றே சுற்றிலும் 4 வரிசை கம்போ சோளமோ விதையுங்கள். சோளத்து அசுவினி கடலைக்கு வராது, பொறிவண்டுக்கு இரையாகும். வெளியிலிருந்து வரும், இலையைச் சுரண்டிச் சாறு குடிக்கும் நுண்பூச்சியான இலைப்பேனையும் அந்த வரிசைகள் ஓரளவு தடுக்கும்.

இலைப்பேன் என்றதும் பார்த்தீனியத்தைச் சொல்லியாக வேண்டும். ஆந்திராவில் வய்யாரிபாமா என்பார்களே, அதுதான். 2000ஆம் ஆண்டு அனந்தபூர் மாவட்டக் கடலையைக் கருக்கிய தண்டழுகல் நச்சுயிரி (வைரஸ்), இந்தச் செடியில் நோய்க்குறி எதுவும் காட்டாமல் தங்கியிருக்கும். அதன் மகரந்தம் இலைப்பேன் உடம்பில் ஒட்டிக் கடலைக்கு வரும். பேன் சுரண்டிய காயம் வழியாக நச்சுயிரி உள்ளே நுழையும். விதைப்புக்கு முன், பூ விடுவதற்குள் பிடுங்கிவிடுங்கள். இதில் மட்டும் இரக்கம் வேண்டாம்.

எருக்கை வெட்ட வேண்டாம். அதில் மொய்க்கும் மஞ்சள் அசுவினி நெல்லுக்கோ கடலைக்கோ போகாது. இலையைத் திருப்பிப் பாருங்கள்: குட்டி முதலை மாதிரி, கருப்பில் வெளிர்புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. தீமை செய்யும் புழு என்று நினைத்துப் பலர் இதற்கே மருந்தடிக்கிறார்கள், பார்க்க வேதனையாக இருக்கும். உப்பிப் பழுப்பேறி அசையாமல் இருக்கும் அசுவினிக்குள் குளவிப் புழு வளர்கிறது, அதையும் நசுக்காதீர்கள்.

பக்கத்தில் வெண்டையோ பருத்தியோ இருந்தால் துத்தியைப் பிடுங்கிவிடுங்கள். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் அதிலிருந்து ஏறிவரும்.