ஒட்டிக்கொள்வதும் உள்ளே போவதும்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். இரத்தத்தில் வரும் பெரிய புரதங்கள் செல் சவ்விலுள்ள, அவற்றைப் பிடிக்கும் புரதமான ஏற்பியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும் என்று சொன்னேன். “ஒட்டிக்கொண்டால் மட்டும் எப்படி டீச்சர் உள்ளே போகும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். விளக்குவீர்களா?

ஆசிரியை, உசிலம்பட்டி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவியின் ஐயம் மிகச் சரியானது. ஒட்டுவது ஒரு வேலை, உள்ளே போவது வேறு வேலை. புரதத்தைப் பிடித்த இடத்தில் சவ்வே உட்குழிந்து, அதைச் சூழ்ந்து, ஒரு நுண்பையாக அறுபட்டு உள்ளே வருகிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது, மதுரை வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளில் முட்டையிட்டு டெங்குவைப் பரப்புகிற அதே ஏடிஸ் எஜிப்தி கொசுதான். பெண் கொசு இரத்தம் குடித்ததும் அதன் உடலில் உருவாகும் மஞ்சள் கருப் புரதத்தை வளரும் முட்டைச் செல் உள்ளிழுத்துக்கொள்கிறது. 1964இல் தாமஸ் ராத்தும் கீத் போர்ட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரத்தம் குடித்த ஏழு மணி நேரத்துக்குள் முட்டைச் செல்லின் பரப்பில் சிறு குழிகள் ஏறத்தாழ 15 மடங்கு பெருகியிருந்தன. அக்குழிகளுக்குச் செல்லின் உட்பக்கமாக ஒரு பூச்சு இருந்தது. பின்னாளில் பார்பரா பியர்ஸ் கிளாத்ரின் என்று பெயரிட்ட புரதம் அத்தகைய பூச்சில்தான் இருக்கிறது. மூன்று கால்கள் கொண்ட அதன் மூலக்கூறுகள், பனையோலைக் கூடை முடைவதைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழிக்கு வடிவம் தருகின்றன.

நம் இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். என்ற கொழுப்புப்புரதமும் இப்படித்தான் செல்லுக்குள் வருகிறது. உள்ளே வந்த நுண்பையில் அமிலத்தன்மை கூடுவதால், அது ஏற்பியை விட்டுக் கழன்று, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைகிறது. ஏற்பியோ மறுபடி சவ்வுக்குத் திரும்பிவிடுகிறது. இந்தச் சுற்று சுமார் பத்தே நிமிடம். நம் பாடநூல் படங்களில் இந்தத் திரும்பும் பயணத்துக்கு ஓர் அம்புக்குறிகூட இல்லாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மாணவியின் கேள்விக்கு நேரான விடை மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகியோரின் ஆய்வில் இருக்கிறது. கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985இல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்த பரம்பரை நோயாளி ஒருவரின் செல்களில் எல்.டி.எல். ஏற்பியில் நன்றாகவே ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. ஏற்பியின் வால் செல்லுக்குள் நீண்டிருக்கும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் இணைப்புப் புரதங்கள் ஏற்பியைக் கிளாத்ரின் குழியில் சேர்க்கின்றன. அவருடைய ஏற்பியின் வாலில் டைரோசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிஸ்டீன் இருந்தது. அந்த ஒரே அமினோ அமிலம் மாறியதால், ஏற்பிகள் குழிகளில் கூடாமல் சவ்வெங்கும் சிதறி, பிடித்த எல்.டி.எல்.லோடு வெளியிலேயே நின்றுவிட்டன.