வகுப்பறையில் பிள்ளைகளின் சொந்தக் குரல்: கேள்வி பதில்

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை: மூன்றாம் வகுப்பில் படம் வரையச் சொன்னால், எல்லோரும் முக்கோணமாக இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு என்று ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். என்ன செய்யலாம் டீச்சர்?

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை நிற்கும்போதே தாளில் முக்கோணம் வருகிறது என்றால், அது பலகையைப் பார்த்து வரைந்து பழகிய கை. முதலில் மாதிரிப் படம் போடுவதை நிறுத்துங்கள். ‘இயற்கைக் காட்சி’ என்ற தலைப்பும் வேண்டாம். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஒரே ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு முன்னால் உட்கார வையுங்கள். மிளகுக்கொடி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் என்ன நிறம்? பக்கத்துக் காபிச் செடியில் பழம் கிளையோடு ஒட்டிக் கொத்தாக இருக்கிறதா, தனித்தனியாகத் தொங்குகிறதா? பதில் சொல்ல உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் வரையட்டும். ஒருத்தி மரத்தை விட்டுவிட்டு எறும்பை மட்டும் பக்கம் முழுக்க வரைந்தால், அது அருமையான படம். ‘வெரி குட்’ போட்டு நகர்ந்துவிடாதீர்கள். ‘இந்த எறும்பு எங்கே போகுது?’ என்று கேளுங்கள், கதையே வந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: ஆறாவது படிக்கும் என் மகன் கட்டுரையை நோட்ஸ் பார்த்து மனப்பாடம் செய்கிறான். சொந்தமாக எழுதச் சொன்னால் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்கிறான். வீட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம்.

கட்டுரை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே அம்மா! வெள்ளியை உருக்குவது, கம்பியாக இழுப்பது, வளையங்களைக் கோத்துப் பற்றவைப்பது, மெருகு போடுவது என்று எல்லாவற்றையும் அவன் தினமும் பார்க்கிறான். பற்றவைக்கும்போது என்ன வாசனை வரும், எந்தச் சத்தத்தில் தூக்கம் கலையும், அப்பா எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். அவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் அப்படியே எழுதி அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். தான் பேசியதே எழுத்தாகும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் நோட்ஸ் தேடமாட்டான்.

ஓமலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: அப்படியென்றால் எழுத்துப்பிழையைத் திருத்தக்கூடாதா?

கட்டாயம் திருத்த வேண்டும், ஆனால் முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம். பக்கம் முழுக்கச் சுழி வாங்கிய பிள்ளை, அடுத்த தடவை பிழை வராத சொற்களாகப் பார்த்து எழுதும். ‘வழுக்குப்பாறை’ என்று எழுத நினைத்தது, ழகரத்துக்குப் பயந்து ‘கல்’ என்று முடித்துக்கொள்ளும். எழுதியதை வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு முன் கூட உட்கார்ந்து திருத்துங்கள். நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றால் பிள்ளைகளே வந்து சரியா என்று கேட்பார்கள்.

மலைக்கிராமப் பள்ளியிலிருந்து: வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் மற்றவர்கள் சிரிப்பதால், இரண்டு பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. நம் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் (கேரள மலையாளிகள் அல்ல) வீட்டில் பேசுவதும் தமிழ்தான். வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி நீங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். சாமை, கேழ்வரகு, காட்டுக் கிழங்கு பற்றி அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களைக் கேட்டுப் பலகையில் எழுதுங்கள். எல்லோரும் அவற்றை வைத்துக் கதை எழுதட்டும். கதையில் பாட்டி பேசினால் பாட்டியின் பேச்சே இருக்கட்டும். அந்த இருவரையும் எழுப்பி நிறுத்திப் பேச மட்டும் சொல்லாதீர்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் ஒரு தோழியிடம் பேசினால் போதும்.

ஆத்தூரிலிருந்து: பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் ஏது?

தமிழ் வினாத்தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ வருகிறதல்லவா? அதற்குக் கவிதை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். வாரம் ஒரு படம், பத்து நிமிடம், அவரவர் வரி. அது தேர்வுப் பயிற்சியும்தான்.

மேட்டூரிலிருந்து: கலைத் திருவிழாவுக்கு நன்றாக ஆடுகிற நாலு பேரை மட்டும் தயார் செய்கிறோம். சரிதானா?

போட்டிக்கு நாலு பேர் போகட்டும், ஒத்திகையில் வகுப்பே இருக்கட்டும். தெருக்கூத்து என்றால் வேஷம் கட்டுகிறவர்களோடு முடிந்துவிடுவதில்லை. பின்பாட்டுக்கு ஆள் வேண்டும், அட்டையில் கிரீடம் வெட்ட வேண்டும், கூத்தில் சிரிக்க வைக்கிற கட்டியங்காரனுக்கு நம்ம ஊர் நக்கல் எழுதித்தர வேண்டும். மேடைக்குக் கூச்சப்படுகிற பிள்ளையிடம் அந்தக் கட்டியங்காரன் வசனத்தைக் கொடுங்கள்.